கியர் ஆயிலில் தண்ணீர்: அவுட்போர்டு மோட்டாரில் கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

பழுதுக்கு வரும் அவுட்போர்டு மோட்டார்களில் (படகின் பின்னால் மாட்டும் என்ஜின்) நான் அதிகம் பார்ப்பது இந்தக் கோளாறைத்தான். கியர் பாக்ஸில் மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு ஆயில் ஸ்க்ரூக்களில் கீழ் ஸ்க்ரூவைக் கழற்றினால் தேன் நிறத்தில் வர வேண்டிய கியர் ஆயில், பால் ஊற்றிய காபி மாதிரி வழியும். பெரும்பாலானவர்கள் அதை வடித்துவிட்டுப் புது ஆயில் அடைத்து மறுபடி ஓட்டப் போய்விடுவார்கள். கொஞ்ச நாளில் திரும்பவும் அதே காபி. கியரோ பேரிங்கோ சத்தம் போடத் தொடங்கிய பிறகுதான் மோட்டார் பட்டறைக்கு வரும். ஒரு வாஷரில் முடிந்திருக்க வேண்டிய வேலை அதற்குள் கியர் பாக்ஸையே பிரிக்கும் வேலையாக வளர்ந்திருக்கும்.

தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று தெரியாமல் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. வழிகள் எண்ணிப் பார்த்தால் ஆறுதான்: ஆயில் ஸ்க்ரூக்களின் வாஷர், புரொப்பெல்லர் ஷாஃப்டைச் (தண்டை) சுற்றியிருக்கும் ரப்பர் சீல், அந்த ஷாஃப்டின் பேரிங்கைத் தாங்கும் பேரிங் கேரியரின் ஓ ரிங் (ரப்பர் வளையம்), என்ஜினிலிருந்து கியர் பாக்ஸுக்கு இறங்கும் டிரைவ் ஷாஃப்டின் சீல், கியர் மாற்றும் கம்பியின் சீல், கடைசியாகக் கியர் பாக்ஸ் உடம்பில் விழுந்த விரிசல். செலவும் கிட்டத்தட்ட இதே வரிசையில்தான் ஏறும். உங்கள் மோட்டாரில் தெரியும் அறிகுறியைக் கீழே தேடி, அங்கிருந்து தொடங்குங்கள்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

ஆயிலை வடிக்கும் விதத்திலேயே பாதி விடை கிடைத்துவிடும். அவசரப்பட்டு இரண்டு ஸ்க்ரூவையும் ஒரே நேரத்தில் கழற்றி ஒரு பழைய வாளியில் கொட்டிவிட்டால் அந்த விடை போய்விடும்.

மோட்டாரை நேராக நிறுத்தி ஓர் இரவு அசையாமல் விடுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம். கலக்காமல் தனியாக இருக்கும் தண்ணீர் அடியில் போய்த் தங்கும். காலையில் மேல் ஸ்க்ரூவைத் தொடாமல், கீழ் ஸ்க்ரூவை மட்டும் மெதுவாகத் தளர்த்துங்கள். மேலே காற்றுப் போக வழியில்லாததால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அந்த முதல் இரண்டு ஸ்பூன் அளவை ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். அதற்கப்புறம் மேல் ஸ்க்ரூவைத் திறந்து மீதியை வேறொரு சுத்தமான பாத்திரத்தில் வடியுங்கள். இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தால் போதும், பின்னால் வரும் எல்லாச் சோதனைக்கும் இவைதான் ஆதாரம்.

திறந்ததும் லேசாக 'புஸ்' என்று காற்று வந்தால் பயப்பட வேண்டாம். வெயிலில் நின்ற மோட்டாரிலும் ஓடிச் சூடான மோட்டாரிலும் அது சகஜம்.

ஸ்க்ரூவைக் கழற்றும் முன் ஒரு எச்சரிக்கை. பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்கள் பலவற்றில் கீழ் ஆயில் ஸ்க்ரூவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஸ்க்ரூ இருக்கும். தலையில் கூட்டல் குறி போன்ற வெட்டு இருக்கும். அது கியர் மாற்றும் பாகத்தை உள்ளே தாங்கி நிற்கும் ஸ்க்ரூ. ஆயில் ஸ்க்ரூ என்று நினைத்து அதைக் கழற்றினால் உள்ளே பாகம் நழுவிவிடும், அப்புறம் கியர் பாக்ஸைப் பிரிக்காமல் சரி செய்ய முடியாது. எது ஆயில் ஸ்க்ரூ என்று கையேட்டுப் படத்தில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். வாய் அகலமான, ஸ்க்ரூ வெட்டில் ஆடாமல் உட்காரும் ஸ்க்ரூடிரைவரையே பயன்படுத்துங்கள். வெட்டு சிதைந்துவிட்டால் அது தனி வேலையாகிவிடும்.

## அறிகுறி 1: முதலில் தெளிந்த தண்ணீர், அப்புறம் நல்ல ஆயில்

பாட்டிலில் பிடித்த முதல் ஸ்பூன் தண்ணீராகவும், பின்னால் வந்த ஆயில் கிட்டத்தட்டச் சுத்தமாகவும் இருந்தால் கொஞ்சம் நிம்மதி. தண்ணீர் புகுந்த பிறகு மோட்டார் அதிகம் ஓடவில்லை, கியர்கள் அதைக் கடைந்து ஆயிலோடு கலக்கவில்லை என்று அர்த்தம். உள்ளே துரு பிடிக்கத் தொடங்காமல் இருக்கவும் வாய்ப்பு அதிகம்.

முதல் சந்தேகம்: வாஷர். இரண்டு ஸ்க்ரூவின் வாஷரையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நசுங்கித் தட்டையாகியிருக்கிறதா, ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா, வாஷரே இல்லையா? இந்த வாஷர் ஒரு தடவை இறுக்கினால் அந்தத் தடவைக்கு மட்டும்தான். திரும்பப் போட்டால் பிடிப்பு இருக்காது. ஆயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும் இரண்டும் புதிதாக வர வேண்டும்.

அடுத்தது: வாஷர் உட்காரும் இடம். இங்கே கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், நான் அதிகம் ஏமாந்து போனது இங்கேதான். ஒரு மோட்டார் மூன்று தடவை என்னிடம் வந்தது. புரொப்பெல்லர் ஷாஃப்ட் சீல் மாற்றியாயிற்று, ஓ ரிங் மாற்றியாயிற்று, தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. மூன்றாவது தடவை டார்ச் அடித்துக் கீழ் ஸ்க்ரூவின் குழிக்குள் பார்த்தேன். கருத்துப்போன பழைய வாஷர் ஒன்று குழியின் அடியில் உலோகத்தோடு உலோகமாக ஒட்டிக் கிடந்தது. யாரோ அதன் மேலேயே புது வாஷரைப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வாஷர், இரண்டும் கோணலாக. குண்டூசி முனையால் நெம்பினால் பழையது வளையமாகக் கழன்று வந்தது. அன்றோடு கசிவு நின்றது. அதிலிருந்து எந்த மோட்டார் வந்தாலும் முதலில் அந்தக் குழியைத்தான் துடைத்துப் பார்க்கிறேன்.

அந்த இடத்தில் வேறு சிலவும் இருக்கலாம்: உப்புப் பூத்து அரித்த பள்ளம், பெயிண்ட் அடிக்கும்போது வழிந்து காய்ந்த பிசிறு, மணல் துகள். விரல் நகத்தை வட்டமாக ஓட்டினால் எங்கே தட்டுகிறது என்று தெரிந்துவிடும். பெயிண்டைச் சுரண்டி எடுக்கலாம். ஆழமான அரிப்பாக இருந்தால் வாஷர் அங்கே அடைக்காது, பட்டறையில் அந்த முகத்தைச் சமப்படுத்தித் தர வேண்டும்.

வாஷர் புதிது, குழி சுத்தம் என்றால் ஆயில் அடைத்து ஐந்து மணி நேரம் ஓட்டிவிட்டு, ஓர் இரவு நிறுத்தி, முன்பு சொன்னபடி ஒரு ஸ்பூன் மட்டும் பிடித்துப் பாருங்கள். சுத்தமாக வந்தால் வேலை முடிந்தது. மறுபடி தண்ணீர் என்றால் அறிகுறி 2-க்குப் போங்கள்.

ஓடி முடித்த மோட்டாரைத் தண்ணீருக்குள்ளேயே இறக்கி வைத்திருக்கும் பழக்கம் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். ஓடும்போது கியர் பாக்ஸ் சூடாகும், நின்றதும் குளிர்ந்து உள்ளே காற்று சுருங்கும். தேய்ந்த சீல் இருந்தால் அந்த நேரத்தில்தான் வெளியே இருக்கும் தண்ணீரை உள்ளே இழுக்கும். வேலை முடிந்ததும் மோட்டாரை மேலே தூக்கி வைப்பது சீலைக் குணப்படுத்தாது, ஆனால் சேதத்தைத் தள்ளிப்போடும்.

## அறிகுறி 2: ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வருகிறது

### தண்ணீர்தானா, காற்றா?

இதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். இப்போதுதான் ஓடி நின்ற மோட்டாரில் ஆயிலுக்குள் காற்றுக் குமிழ் நிறைந்து வெளிறித் தெரியும். கண்ணாடிப் பாட்டிலை ஜன்னல் பக்கம் வைத்துவிட்டுச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். காற்றாக இருந்தால் அடியிலிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே வரும். தண்ணீராக இருந்தால் அடுத்த நாளும் கலங்கலாகவே நிற்கும், சில சமயம் அடியில் மெல்லிய தண்ணீர்ப் படலம் பிரியும்.

அப்பவும் சந்தேகம் தீரவில்லையா? ஒரு இரும்புத் தகட்டை நன்றாகச் சூடாக்கி, ஒரே ஒரு சொட்டு ஆயிலை விடுங்கள். தண்ணீர் இருந்தால் படபடவென்று வெடித்துத் தெறிக்கும், இல்லையென்றால் சத்தமில்லாமல் பரவிப் புகையும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். பெட்ரோல் இருக்கும் பக்கம் இதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று. கடல் மோட்டாருக்கென்றே வரும் கியர் ஆயில்கள் பல, கொஞ்சம் தண்ணீர் வந்தாலும் அதைத் தன்னோடு கலந்து வைத்துக்கொண்டு பாகங்களைக் காப்பாற்றும்படி தயாரிக்கப்படுகின்றன. அதனால் கொஞ்சத் தண்ணீருக்கே நன்றாக வெளுத்துக் காட்டும். நிறத்தை மட்டும் வைத்து எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட முடியாது. வடிந்த மொத்த அளவையும், கையேட்டில் சொன்ன கொள்ளளவையும் ஒப்பிடுங்கள்.

"உள்ளே வியர்த்திருக்கும், அதுதான் வெளுத்திருக்கிறது" என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. லேசான மங்கலுக்கு அந்தக் காரணம் பொருந்தலாம். காபி நிறத்துக்குப் பொருந்தாது.

### வாஷர்

அறிகுறி 1-இல் சொன்ன சோதனையை இங்கேயும் முதலில் முடித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

### புரொப்பெல்லர் ஷாஃப்ட் சீல்

வாஷருக்கு அடுத்து அதிகம் மாட்டுவது இதுதான். காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: நரம்பு. தண்ணீரில் அறுந்து மிதக்கும் தூண்டில் நரம்போ வலைக் கயிற்று இழையோ புரொப்பெல்லரில் சிக்கும். சுற்றச் சுற்ற அது பின்வாங்கி, புரொப்பெல்லருக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே போய் ஷாஃப்டில் இறுகும். அங்கே சூடேறிச் சீலின் ரப்பர் உதட்டை அறுத்துவிடும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

அதனால் புரொப்பெல்லரைக் கழற்றியே ஆக வேண்டும். முதலில் பேட்டரி கழற்றி, ஸ்பார்க் பிளக் வயரை எடுத்துவிடுங்கள். கியரில் இருக்கும் புரொப்பெல்லரைக் கையால் சுற்றும்போது என்ஜின் பற்றிக்கொண்டால் விரல் போய்விடும். அப்புறம் பின்னை எடுத்து, நட்டைக் கழற்றி, புரொப்பெல்லரையும் அதற்குப் பின்னால் இருக்கும் த்ரஸ்ட் வாஷரையும் எடுங்கள். எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று கழற்றும் முன்பே போன் கேமராவில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இப்போது ஷாஃப்டைச் சுற்றிப் பாருங்கள். நரம்பு பெரும்பாலும் நரம்பாகத் தெரியாது. சூட்டில் உருகி, கிரீஸோடு சேர்ந்து, மங்கலான பிளாஸ்டிக் மோதிரம் மாதிரி ஷாஃப்டோடு ஒட்டியிருக்கும். கூரான மரக்குச்சியால் நெம்புங்கள். கத்தி வைத்தால் ஷாஃப்டில் கீறல் விழும், அந்தக் கீறலே அடுத்த கசிவுக்கு வழி. கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்துவிட்டு நிறுத்தாதீர்கள், சீல் உதட்டுக்கு அடியிலும் ஒரு சுற்று மிச்சம் இருக்கும்.

சுத்தம் செய்த பிறகு மூன்று விஷயம் பாருங்கள். சீல் இருக்கும் இடத்தில் ஆயில் ஈரம் இருக்கிறதா? ஷாஃப்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? கியரை நியூட்ரலில் வைத்து ஷாஃப்டைச் சுற்றி, அதன் நுனிக்கு அருகே பென்சில் முனையை அசையாமல் பிடித்தால் இடைவெளி கூடிக் குறைகிறதா? ஆயில் ஈரம் மட்டும் என்றால் சீல் மாற்றினால் போதும். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. இடைவெளி மாறினால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. பின்னால் சொன்ன இரண்டில் எது இருந்தாலும், எத்தனை புது சீல் போட்டாலும் நிற்காது. பாறையிலோ மரக்கட்டையிலோ மோதிய மோட்டாரென்றால் பென்சில் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

நீங்களே செய்யலாமா? சின்ன மோட்டார்களில் பேரிங் கேரியர் இரண்டு போல்ட்டில் நிற்கும். நல்ல தண்ணீரில் ஓடியது என்றால் கொஞ்சம் தட்டிச் சுழற்றினால் வந்துவிடும். அப்படி வந்தால் சீலோடு கேரியரின் ஓ ரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள், திறந்த பிறகு அதைப் பழையதாக விடுவதில் அர்த்தமில்லை. இங்கே வழக்கமாக இரண்டு சீல் முதுகோடு முதுகாக உட்காரும். உள்ளே இருப்பதன் உதடு ஆயிலைப் பார்த்து இருக்கும், வெளியே இருப்பதன் உதடு தண்ணீரைப் பார்த்து இருக்கும். இரண்டுக்கும் நடுவே கிரீஸ். ஒன்றைத் திருப்பிப் போட்டால் புது சீலே தண்ணீரை உள்ளே விடும்.

உப்புத் தண்ணீரில் பல வருடம் ஓடிய மோட்டாரில் கேரியர் வெளியே வராமல் பிடித்துக்கொண்டிருக்கும். புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) இல்லாமல் சுத்தியலால் அடித்தால் கேரியரின் காது உடையும். பெரிய மோட்டார்களில் அகலமான ரிங் நட்டும் அதற்கென்று தனிச் சாவியும் வேண்டும். இந்த இடத்தில் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

### டிரைவ் ஷாஃப்ட் சீலும் கியர் கம்பி சீலும்

புரொப்பெல்லர் பக்கம் காய்ந்து சுத்தமாக இருந்தும் ஆயில் வெளுக்கிறது என்றால், கசிவு மேலே வாட்டர் பம்புக்கு அடியில் இருக்கலாம். டிரைவ் ஷாஃப்ட் அங்கேதான் கியர் பாக்ஸுக்குள் இறங்குகிறது. மோட்டார் ஓடும்போது பம்பில் தண்ணீர் அழுத்தம் இருப்பதால், அங்கே சீல் தேய்ந்தால் தண்ணீர் வேகமாகப் புகும். வெறுமனே நிறுத்தி வைத்தால் சுத்தம், ஓட்டி வந்தால் வெளுப்பு என்று மாறி மாறி வந்தால் நான் முதலில் இங்கேதான் பார்ப்பேன்.

இதைப் பார்க்கக் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். பம்புக்குள் சுற்றும் ரப்பர் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரை மாற்றத் தெரிந்தவர் இதையும் செய்யலாம், பாதி வேலை ஒன்றுதான். பம்ப், இம்பெல்லர், அதை ஷாஃப்டோடு பூட்டும் சின்னக் கட்டை, அடித்தட்டு என்று வரிசையாக எடுத்தால் சீல் தெரியும். அந்தக் கட்டை தெறித்து விழுந்து தொலையும், கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். சீல் ஓடும் இடத்தில் ஷாஃப்டை விரல் நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது சீல் மட்டும் போதாது. மெல்லிய உறை ஏற்றுவதா, ஷாஃப்டையே மாற்றுவதா என்பதை மெக்கானிக் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

கியர் கம்பி வழியாக வரும் கசிவு குறைவு. ஆனால் அதே இடத்தில் திறந்திருக்கும்போது அதன் சீலையோ ஓ ரிங்கையோ மாற்றாமல் மூடாதீர்கள், அதற்காக மட்டும் இன்னொரு தடவை இறக்க வேண்டியிருக்கும்.

திரும்ப ஏற்றும்போது டிரைவ் ஷாஃப்டின் பக்கவாட்டுப் பற்களுக்கு மட்டும் கிரீஸ் தடவுங்கள், உச்சித் தலையில் தடவ வேண்டாம். அங்கே கிரீஸ் அடைத்துக்கொண்டால் ஷாஃப்ட் முழுதாக மேலே ஏறாமல் முட்டும்.

### கியர் பாக்ஸ் உடம்பில் விரிசல்

மோதிய மோட்டாரில் ஸ்கெக் என்னும் அடித் துடுப்பு உடம்போடு சேரும் இடத்தையும், மூக்குப் பகுதியையும் பாருங்கள். பெயிண்டில் தலைமுடி போல ஒரு கோடு, அதன் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் சந்தேகப்படுங்கள். பனி உறையும் நாடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிவடையும். குளிர்காலம் முழுவதும் தண்ணீரோடு நின்ற கியர் பாக்ஸ் வசந்தத்தில் விரிசலோடு எழுந்திருக்கும். விரிசலை ஒட்டும் பசை வேலையை நான் நம்புவதில்லை, அழுத்தமும் சூடும் மாறி மாறி வரும் இடத்தில் அது நிற்காது. இது பட்டறை வேலை. பல நேரம் உடம்பையே மாற்ற வேண்டியிருக்கும்.

## அறிகுறி 3: தண்ணீர் இல்லை, ஆனால் ஆயில் குறைந்திருக்கிறது

ஆயில் வெளியே போகும் ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வர இன்னும் நாள் ஆகவில்லை, அவ்வளவுதான். அறிகுறி 2-இல் உள்ள அதே வரிசையில் தேடுங்கள்.

ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்துவிடுகிறேன். புரொப்பெல்லர் நடுவிலிருந்து கறுப்பாகப் பிசுபிசுப்பு வழிந்தால் உடனே கியர் ஆயில் என்று முடிவு கட்டாதீர்கள். பல மோட்டார்களில் புகை அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் எரியாத ஆயிலும் கரியும் அங்கே வழிவது வழக்கம். விரலில் தேய்த்து மோந்து பாருங்கள். கியர் ஆயில் கெட்டியாக, கந்தக வாடையோடு இருக்கும். அந்த வாடை ஒரு தடவை பழகினால் மறக்காது. புகைக் கரி பெட்ரோல் வாடையோடு, கறுப்பாக விரலில் அப்பும்.

கடைசியாக யாராவது ஆயிலை மேல் ஓட்டை வழியாக ஊற்றியிருந்தால் கசிவே இல்லாமலும் குறைவாகத் தெரியும். உள்ளே காற்று சிக்கி, நிறைந்த மாதிரி காட்டி, ஓடிய பிறகு மட்டம் இறங்கிவிடும்.

## அறிகுறி 4: சரி செய்தாயிற்று, மறுபடி வெளுக்கிறது

முதல் தடவை லேசாக மங்கினால் பதறாதீர்கள். பழைய கலங்கல் ஆயில் பேரிங் இடுக்குகளில் ஒட்டியிருக்கும், அது புது ஆயிலோடு கலந்து வரும். கொஞ்ச நேரம் ஓட்டி, இன்னொரு தடவை மாற்றிப் பாருங்கள். இரண்டாவது தடவையும் அதே அளவு வெளுத்தால் ஊகத்தை நிறுத்திவிட்டு அழுத்தச் சோதனைக்குப் போகும் நேரம் வந்துவிட்டது.

### அழுத்தச் சோதனை

அளவு காட்டும் மீட்டர் உள்ள கைப்பம்பும், ஆயில் ஓட்டைக்குப் பொருந்தும் அடாப்டரும் வேண்டும். ஆயிலை முழுவதும் வடித்து, ஒரு ஓட்டையைப் புது வாஷரோடு அடைத்து, மற்றதில் பம்பை மாட்டுங்கள். புரொப்பெல்லரைக் கழற்றி வைத்திருங்கள்.

முதலில் 3 முதல் 5 பிஎஸ்ஐ மட்டும் ஏற்றுங்கள். நிறையப் பேர் எடுத்த எடுப்பில் அழுத்தத்தை ஏற்றிவிடுகிறார்கள். அதிக அழுத்தம் சீல் உதட்டை ஷாஃப்டோடு அமுக்கிப் பிடித்து, கசிவையே மறைத்துவிடும். குறைந்த அழுத்தத்தில் நின்றால் 10 பிஎஸ்ஐ வரை கொண்டுபோய் ஐந்து நிமிடம் கவனியுங்கள். கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் எல்லை. அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலையும் பிதுக்கிவிடும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை இதில் நேரடியாக மாட்டவே கூடாது.

முள் நிற்கும்போது புரொப்பெல்லர் ஷாஃப்டை மெதுவாகச் சுற்றுங்கள், கியரை முன்னும் பின்னும் மாற்றுங்கள். நின்ற நிலையில் பிடிக்கும் சீல் சுற்றும்போது விடும். கியர் பாக்ஸ் கழற்றி வெளியே இருந்தால் டிரைவ் ஷாஃப்டையும் சுற்றுங்கள், ஆனால் இம்பெல்லர் மாட்டியிருந்தால் அது ஓடும் திசையில் மட்டும். எதிர்த்திசையில் சுற்றினால் இறக்கைகள் மடங்கும்.

முள் இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தெளித்துத் தேடுங்கள். முதலில் உங்கள் ஹோஸ் இணைப்பிலேயே தெளியுங்கள், நான் அரை நாள் வீணாக்கியது அங்கேதான். ஸ்க்ரூ பக்கம் குமிழ் வந்தால் வாஷர். ஷாஃப்டைச் சுற்றிக் குமிழ் வந்தால் சீல். கேரியரின் வெளி ஓரத்தில் வந்தால் ஓ ரிங். மோட்டாரோடு சேர்ந்திருக்கும் கியர் பாக்ஸில் முள் இறங்குகிறது, வெளியே ஒரு குமிழும் இல்லை என்றால் காற்று மேலே டிரைவ் ஷாஃப்ட் பக்கமோ கியர் கம்பிப் பக்கமோ போகிறது. கழற்றி இறக்கித்தான் ஆக வேண்டும்.

அழுத்தத்தில் நின்றுவிட்டது, ஆயில் மட்டும் இன்னும் வெளுக்கிறது என்றால் மெக்கானிக்கிடம் வெற்றிடச் சோதனை கேளுங்கள். உள்ளிருந்து வெளியே தள்ளும்போது பிடிக்கும் சீல், வெளியிலிருந்து உள்ளே இழுக்கும்போது விடலாம். தண்ணீர் வருவது இந்த இரண்டாவது வழியாகத்தான்.

## அறிகுறி 5: காந்தத்தில் இரும்பு, கியரில் சத்தம்

பல மோட்டார்களில் ஆயில் ஸ்க்ரூவின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் பசை போல ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். விரலில் எடுத்து நசுக்கினால் வழுவழு என்று இருக்கும், துடைத்துவிட்டுப் போகலாம். ஊசி போல நீளமான சீவல், பல் துண்டு, விரலில் குத்தும் துகள் என்று ஏதாவது கிடைத்தால் மோட்டாரை அதற்கு மேல் ஓட்டாதீர்கள். ஆயில் கருகிய வாடையோடு கறுப்பாக வந்தாலும் அப்படித்தான். கியர் மாற்றும்போது கடகடவென்று தாவுவது, ஓடும்போது அரைக்கும் சத்தம் என்று இரண்டும் சேர்ந்தால் சீல் மாற்றிப் பயனில்லை. பிரித்து, கியர், பேரிங், கிளட்ச் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கிடைத்த சீவலைத் தூக்கிப் போடாமல் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப் போங்கள். அதைப் பார்த்தே பேரிங்கா கியரா என்று அனுபவமுள்ளவர் ஓரளவு சொல்லிவிடுவார்.

## இன்றே சரி செய்ய முடியாவிட்டால்

வெளுத்த ஆயிலோடு கொஞ்ச தூரம் ஓட்டிக் கரை சேர்ந்த மோட்டார்கள் பிழைத்திருக்கின்றன. அதே ஆயிலோடு மூன்று மாதம் மூலையில் நின்றவை பிழைத்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. நிற்கும்போது தண்ணீர் அடியில் இறங்கி, பேரிங் உருளையும் பாதையும் தொடும் கோட்டில் துரு பிடிக்கும். மறுபடி ஓடும்போது அந்தத் துருப் பள்ளம்தான் சத்தமாகக் கேட்கும்.

அதனால் சீல் கிடைக்கவில்லை, நேரமில்லை என்றாலும் அன்றைக்கே வடித்துவிடுங்கள். புது ஆயில் அடைத்து, குளிர்விக்கும் தண்ணீர் இருக்கும் தொட்டியில் மோட்டாரை இறக்கி, சில நிமிடம் மெதுவாக ஓட்டி, மறுபடி வடியுங்கள். வருவது தெளியும்வரை இதைச் செய்து, கடைசியில் நிறைய அடைத்து மூடுங்கள். தண்ணீர் இல்லாமல் உலர்வாக ஓட்டினால் இம்பெல்லர் நொடியில் கருகும்.

## அடைக்கும்போது

ஆயில் எப்போதும் கீழ் ஓட்டை வழியாகத்தான் ஏற வேண்டும். கையேட்டில் சொன்ன தரத்தையே வாங்குங்கள். பல மோட்டார்களுக்கு எஸ்ஏஇ 90 அல்லது 80டபிள்யூ-90 கியர் ஆயில் வரும். மோட்டாரை நேராக நிறுத்தி, கீழே பம்பை மாட்டி மெதுவாக அழுத்துங்கள். மேல் ஓட்டையில் முதலில் குமிழ் வரும். குமிழ் நின்று ஆயில் மட்டும் வழியும்வரை தொடருங்கள். இப்போது பம்பை எடுக்காமல் மேல் ஸ்க்ரூவைப் புது வாஷரோடு இறுக்குங்கள். மேலே அடைபட்டதால், பம்பை எடுத்ததும் ஆயில் கொட்டாது, கீழ் ஸ்க்ரூவை நிதானமாகப் போட நேரம் கிடைக்கும். வரிசையை மாற்றினால் பாதி ஆயில் உங்கள் கையில் வழியும், உள்ளே காற்றும் சிக்கும்.

சீல் மாற்றிய மோட்டாரில் ஐந்து மணி நேர ஓட்டத்துக்கு அப்புறம் ஒரு தடவை, இருபது மணி நேரத்தில் ஒரு தடவை ஒரு ஸ்பூன் ஆயில் பிடித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு பெரும்பாலான கையேடுகள் சொல்லும் 100 மணி நேரம் அல்லது ஒரு வருடம் என்ற கணக்கு போதும். மெக்கானிக்கிடம் போக நேர்ந்தால் பிடித்து வைத்த பாட்டிலையும், தனியாக வடித்த மீதி ஆயிலையும், கழற்றிய பழைய வாஷரையும், எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கையும் கையோடு கொண்டுபோங்கள். அழுத்தச் சோதனை செய்திருந்தால் முள் எதில் நின்றது, எத்தனை நிமிடத்தில் எவ்வளவு இறங்கியது என்பதைப் பாட்டிலின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.